இறங்காமல் வழித்த முற்றம்

உ
சிவமயம்

ஸ்காபரோ,
24.01.1999

அன்புள்ள மகள் நிலாணிக்கு,

இரண்டரை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், இனிப் போதும். அம்மா அங்கிருந்து தொலைபேசி எடுக்கும்போது பின்னால் உன் குரல் கேட்கும், நான் ம் என்று சொல்லி ரிசீவரை வைத்துவிடுவேன். ஆகையால் முறைப்படி கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறேன். நீயும் லவனும் பிறந்த பிள்ளையும் எட்மன்ரன் குளிரில் சுகமாக இருக்கிறீர்களா. உங்களுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். என் சுகத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை, முதுகு முன்னைப்போலத்தான், மற்றப்படி நடமாடுகிறேன். லவன் என்ற பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்பதைக் கவனித்திருப்பாய். அதற்காக அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, கடைசிப் பக்கம்வரை பொறு.

அம்மா உன் பிரசவத்துக்கென்று நவம்பரில் புறப்பட்டபோது பதினைந்து நாளுக்குக் கறி வைத்து, ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு, மூடியில் பெயர் எழுதி அடுக்கிவிட்டுத்தான் அங்கே வந்தாள். அது முடிந்து இப்போது எத்தனையோ கிழமை. பருப்பு, முட்டை, மறுநாள் முட்டை, பருப்பு. சமைத்ததை நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன், ஒரு ஆளுக்கு மேசை எதற்கு. தொழிற்சாலையில் பெட்டி தூக்கி முதுகு பிடித்த நாளிலிருந்து வேலைக்கும் போவதில்லை, பத்து இறாத்தலுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று டாக்குத்தர் கடிதம் தந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை, அதையும் மனதில் குறித்து வைத்திருக்கிறேன். நாட்டில் இருபது வருடம் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவனை இங்கே மறுபடியும் முதலிலிருந்து படித்து வா என்று சொன்னவர்களையும், வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேராய்க் கிடந்த காலத்தில் என்னைக் கண்டும் காணாததுபோல் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிய சொந்தக்காரரையும் நான் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதமும் அதனால்தான் எழுத வேண்டி வந்தது.

விஷயம் பனியில் தொடங்கியது. அம்மா புறப்பட்ட கிழமையே யாரோ கதவில் ஒரு விளம்பரத் துண்டைச் செருகிவிட்டுப் போனார்கள், ட்றைவே முற்றத்தில் பனி அகற்ற, பருவம் முழுவதற்கும் முந்நூற்றைம்பது டொலர். நான் அளவுநாடாவை எடுத்துப் போய் அளந்தேன், நாற்பத்திரண்டு அடி நீளம், பதினெட்டு அடி அகலம். ஒரு பருவத்துக்கு இத்தனை அங்குலம் என்று வைத்துக் கன அடிக்கு வகுத்துப் பார்த்தபோது, அந்தக் காசுக்கு நாட்டில் ஒரு சின்னக் குளத்தையே தூர் எடுத்திருக்கலாம் என்று வந்தது. மாசி பங்குனியில் தானாகவே உருகப்போகிற ஒன்றுக்கு இவ்வளவு கூலியா என்று துண்டைக் கசக்கி எறிந்துவிட்டேன். பிறகு ஜனவரி இரண்டாம் திகதி பனி வந்ததுதான் வந்தது, நீ ரொறன்ரோவில் இருந்த காலத்தில் அப்படி ஒன்றைக் கண்டிருக்கமாட்டாய். கசக்கி எறிந்த துண்டைக் குப்பையிலிருந்து எடுத்து விரித்து அந்த ஆளுக்குத் தொலைபேசி அடித்தேன், இப்போது ஒருமுறைக்கு எழுபது டொலர், அதுவும் மூன்று நாள் கழித்துத்தான் என்றான். எழுபதா என்று நானே பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பன்னிரண்டு சவள் அள்ளினேன், பதின்மூன்றாவதோடு முதுகு பிடித்து அப்படியே பனிக்குள் குந்திவிட்டேன். எழும்ப முடியவில்லை. கால்மணி நேரம் இருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை என்று முதலில் ஆறுதலாக இருந்தது, கொஞ்சநேரத்தில் அதுவே பயமாக வந்தது. பிறகு தவழ்ந்து உள்ளே போனேன். இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அம்மா பிள்ளையின் படங்களைத் தபாலில் போட்டதாகச் சொல்லியிருந்தாள். தபால்காரி வீதியில் நின்று எங்கள் முற்றத்தைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வழி இல்லாவிட்டால் உள்ளே வரக்கூடாது என்பது அவர்களுடைய சட்டமாம். அவளுடைய பைக்குள் என் பேரப்பிள்ளை இருக்கிறதென்று எனக்குத் தெரியும், யன்னலுக்கு உள்ளே நான், வீதியில் அது, நடுவில் நாற்பத்திரண்டு அடி. இப்படி நாலு நாள் போனது. அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் 'படம் கிடைச்சதோ, ஆரைப்போல இருக்குது சொல்லுங்கோ' என்று கேட்பாள், நான் தபால் பிந்துது என்பேன்.

ஐந்தாம் நாள் காலையில், முன்னால் இரும்புத் தட்டுப் பூட்டிய ஒரு பிக்கப் வண்டி நேரே எங்கள் முற்றத்துக்குள் நுழைந்து, நாலு தரம் முன்னும் பின்னும் போய், தார் தெரிய வழித்துவிட்டுப் போய்விட்டது. தபால்பெட்டி கராஜ் சுவரில்தானே, அன்றைக்கே தபால்காரி உள்ளே வந்தாள், படமும் வந்தது. அம்மாவுக்குத் தொலைபேசி அடித்து நீங்கள் யாரையும் ஒழுங்கு பண்ணினீர்களோ என்று கேட்டேன், சத்தியமாய் இல்லை என்றாள். அடுத்த பனிக்கும் அந்த வண்டி வந்தது. கராஜ் கதவோரத்தில் இரண்டு முழ அகலத்துக்கு அந்தத் தட்டுப் போகாது, இறங்கிச் சவளால்தான் அள்ள வேண்டும். எதிர்வீட்டில் அந்த ஆள் இறங்கி அள்ளுவதை யன்னலால் கண்டேன். எங்கள் வீட்டில் மட்டும் அந்த இரண்டு முழத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். வீடு கூட்டி அள்ளுகிற தட்டை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பகல் முழுக்க நான் அதை அள்ளினேன். அள்ளும்போதெல்லாம் அந்த ஆளைத் திட்டினேன். மூன்றாம் தடவை வண்டிக் கதவில் ஒஷாவா விலாசம் எழுதியிருந்ததைப் பார்த்தேன், பிறகு முகத்தையும் பார்த்தேன். லவனின் தமையன் கனகசிங்கம்.

மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், இனி வரப்போவதற்கு அது வேண்டும். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் அவர் தம்பிக்கு உன்னைப் பெண் கேட்டுத் தட்டமும் பழமுமாக வந்தபோது நான் கராஜ் கதவடியில் நின்று மறித்தேன். 'உங்கட ஆக்கள் ஒருத்தரும் இனி இந்த முத்தத்தில கால் வைக்கப்படாது' என்றேன். மேல் யன்னலில் நின்ற உன்னை அண்ணாந்து பார்த்து, நீ போனால் எனக்கு மகள் இல்லை, உனக்கு நான் அப்பா இல்லை என்றும் சொன்னேன். அவர் தட்டத்தைத் திருப்பிக் காருக்குள் வைத்துக்கொண்டு போனார், அதிலிருந்து ஒரு தோடம்பழம் உருண்டு வீதி ஓரத்துக்குப் போனது. அடுத்த மாதம் நீங்கள் கலியாணப் பதிவு எழுதி எட்மன்ரனுக்குப் போய்விட்டீர்கள்.

அந்த மனிதர்தான் இப்போது என் முற்றத்தில். உடுத்திருந்த சாரத்துக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினார். 'ஆர் உம்மை வரச் சொன்னது' என்றேன். 'ஒருத்தரும் சொல்லல்ல அண்ணன், தம்பியும் சொல்லல்ல, உங்கட புள்ளையும் சொல்லல்ல. இந்தப் பக்கம் நாலு வீட்டுப் பனிக் கொந்தராத்து இரிக்கி, போற வழிதானே' என்றார். 'இந்த முத்தத்தைப் பற்றி நான் சொன்னது நினைவிருக்கோ' என்றேன். உடனே கதவைத் திறந்து இரண்டு கால்களையும் தூக்கி எனக்குக் காட்டினார், பனி ஒரு பொட்டும் ஒட்டாத காய்ந்த சப்பாத்து. 'கால் வைக்கப்படா எண்டுதானே சொன்னீங்க, நான் இறங்கல்லையே. வண்டிச் சில்லுதானே வைக்கிது. சில்லுக்கும் சேத்தா சொன்னீங்க' என்று சிரித்தார். அப்போதுதான் அந்த இரண்டு முழம் ஏன் அப்படிக் கிடந்தது என்று விளங்கியது. எவ்வளவு கூலி என்று கேட்டேன். 'அது பிறகு பாப்பம்' என்றார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பார்ப்பம் என்கிற சொல்லை என்னால் பொறுக்க முடியாது. பிறகு பார்ப்பவர்கள் எல்லாரும் பிறகு வட்டியோடு பார்ப்பார்கள். அன்றைக்கே ஒரு தாளில், மூன்று தடவை பனி அகற்றியமைக்குத் தடவைக்கு நாற்பது டொலர் வீதம் நூற்றிருபது டொலர், பெற்றுக்கொண்டு தொடர்பை முடிக்கவும் என்று எழுதி, காசோடு ஒரு பால் பையில் போட்டுக் கட்டி, சவளை முற்றத்து வாயில் நட்டு அதன் பிடியில் தொங்கவிட்டேன். அடுத்த தடவை வந்தவர் கண்ணாடியால் கையை நீட்டிப் பையை எடுத்தார், இருந்த இடத்திலேயே இருந்து வாசித்தார், நெடுநேரம் வாசித்தார். இரண்டு வரி வாசிக்க இவ்வளவு நேரமா, படிக்காத மனிதர்தானே என்று நான் யன்னலுக்குப் பின்னால் நின்று நினைத்தேன். பிறகு முற்றத்தை வழித்தார், போனார். அந்தக் கிழமைதான் நகரம் பனி அள்ள ஆமியை, இந்த நாட்டு இராணுவத்தை, கூப்பிட்டது. தொலைக்காட்சியில் சீருடையோடு சவளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைக் கண்டதும் நான் நாட்டுப் பழக்கத்தில் என்னை அறியாமல் எழும்பி யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டேன், பிறகு தனியே இருந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை.

அதற்கடுத்த பனிக்கு அவர் வந்து போனபின் பார்த்தால் அதே பால் பை சவள் பிடியில் தொங்குகிறது. உள்ளே நூற்றிருபது டொலரும் அப்படியே இருந்தது, என் துண்டும் இருந்தது, அதோடு நாலாக மடித்த பழைய கடதாசி ஒன்றும் இருந்தது. விரிக்க முதலே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அது ஒரு மொட்டைக் கடிதம். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம், அவர்கள் உன்னைக் கேட்டு வருவதற்கு இரண்டு கிழமைக்கு முதல், கனகசிங்கத்தின் ஒஷாவா விலாசத்துக்குப் போன கடிதம். அதை எழுதியவன் நான். நிலாணி, இந்த வரியை எழுத எனக்கு மூன்று தாள் கிழிந்தது. பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், சாதகத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள், முன்பும் ஒரு சம்பந்தம் பேசிக் குழம்பியது, காரணம் வெளியில் சொல்லக்கூடியது அல்ல என்று எழுதி, இப்படிக்கு உங்கள் நலன்விரும்பி என்று முடித்திருந்தேன். எல்லாம் பொய். செவ்வாய்ப் பொய்யைப் பொறுத்தாலும், அந்தக் காரணம் வெளியில் சொல்லக்கூடியது அல்ல என்ற வரியைப் பொறுக்க முடியாது. உன்னைப் பற்றி யாரும் எதையும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் மட்டக்களப்பு ஆக்கள், மட்டக்களப்பு என்றதும் மந்திரம் மாயம் என்று நம்மூரில் பேசுகிற பேச்சை வெளியில் பகிடி பண்ணிக்கொண்டு உள்ளுக்குள் நம்பினேன். வெளிப்படையாக மறுத்தால் நீ போய்விடுவாய் என்று தெரியும், அவர்களாகவே வேண்டாம் என்று விட்டால் நீ வீட்டிலேயே இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். கடிதம் வேலை செய்யவில்லை, மனிதர் தட்டத்தோடு வந்து நின்றார். அந்தக் கோபத்தில்தான் முற்றத்தில் வைத்து அப்படிப் பேசினேன். நீங்கள் எல்லாரும் அதை வெறும் பிடிவாதம் என்று நினைத்தீர்கள்.

எழுத்துத் தெரியக்கூடாது என்று அன்று இடது கையால் எழுதினேன். அப்படிப்பட்ட கடிதத்துக்கும், பழக்கம் விடவில்லை, மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். அதுவும் என் சுழி. சின்ன வயதில் நீ என் கொப்பிகளைப் பார்த்துக் கேட்பாயே, ஏன் உங்கட உ-வுக்குக் கீழே மட்டும் முக்கோணம் இருக்கு என்று. நின்று அளக்கிற அளவை நிலையத்துக்குப் போடுகிற குறி, ஒரு முக்கோணம், நடுவில் புள்ளி. வெளிக்களக் குறிப்புப் புத்தகத்தில் இருபது வருடம் போட்டுப் போட்டு அது சுழியின் வாலோடு ஒட்டிக்கொண்டது. இடது கையும் அதை மறக்கவில்லை. கூலித் துண்டிலும் அதையே போட்டிருந்தேன். அந்த மனிதர் நெடுநேரம் வாசித்தது இரண்டு வரியை அல்ல. என் துண்டின் பின்பக்கத்தில் அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: 'அண்ணன், ரெண்டு உ-வும் ஒண்டுதான். தம்பிக்கும் புள்ளைக்கும் தெரியா, இனியும் தெரிய வராது. காசு வேணாம். இது உங்கட கையிலேயே இரிக்கட்டும்.'

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். கேவலப்படுத்தத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். மின்னடுப்பைப் போட்டேன், சுருள் சிவக்கும்வரை கடதாசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரித்திருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லமாட்டார், அது நிச்சயம், இரண்டரை வருடம் சொல்லாதவர். அம்மா பங்குனியில் திரும்பி வருவாள், அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ நான் மனம் இறங்கியதுபோல் ஒரு கடிதம் போட, நீ பிள்ளையைக் கொண்டு வருவாய், நான் பெரிய மனிதன்போல் மன்னித்து நிற்பேன். அந்த வழி திறந்தே இருந்தது. அடுப்பை நிறுத்தினேன். நாட்டில் எல்லைச் சண்டைக்கு அளக்கப் போகும்போது நான் ஒரு முறை வைத்திருந்தேன். கல் நகர்ந்திருந்தால் அதை நான் தொடமாட்டேன், கூலிக்காரரையும் தொடவிடமாட்டேன். நகர்த்தியவனைக் கூப்பிட்டு, ஊர் பார்க்க, அவன் கையாலேயே பிடுங்கிப் பழைய குழியில் நட வைப்பேன். எத்தனையோ பேர் எனக்கு முன்னால் குனிந்து நட்டிருக்கிறார்கள், நான் குடையோடு நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். லவனுக்குக் காட்டுவதும் கிழிப்பதும் உன் விருப்பம். அம்மாவுக்கும் இது தெரியாது, சொல்வதானால் நீயே சொல், எனக்குத் தொலைபேசியில் வராது. வாசித்த பிறகு நீ என்னோடு கதைக்காமல் விட்டால் அதை நான் குறித்து வைக்கமாட்டேன்.

மற்றப்படி, பிள்ளையைக் குளிரில் அதிகம் வெளியே கொண்டு போகாதே, காது மூடியிருக்க வேண்டும். அம்மா எவ்வளவு சொன்னாலும் அவளை வாளித் தண்ணீர் தூக்கவிடாதே. லவனிடம் சொல், வெறுவயிற்றோடு பனி அள்ள இறங்கக்கூடாது, குனிந்து தூக்காமல் முழங்காலை மடித்துத் தூக்க வேண்டும், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. படத்தில் பிள்ளையின் நெற்றி உன்னுடையது, வாய் யாருடையது என்று தெரியவில்லை, அவர்களுடையதாக இருக்கலாம், நன்றாகத்தான் இருக்கிறது. படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். முற்றத்தில் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுத்துவிட்டேன், இது எழுத்தில். வியாழக்கிழமை திரும்பவும் பனி என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த இரண்டு முழத்தை இந்தமுறை நான் அள்ளமாட்டேன். சவளைக் கராஜ் கதவில் சாத்தி வைத்துவிட்டு, வெளியே நின்று, கனகசிங்கத்தை இறங்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். இறங்குவாரோ தெரியாது. இறங்கினால் தேத்தண்ணி போடுவேன், பால் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பிள்ளைக்கு என் ஆசியைக் காதில் சொல். வீட்டு நம்பர் பழையதுதான், மாற்றவில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

இந்த இடத்துக்கு வந்து அரைமணி நேரமாகப் பேனையை வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்தக் கடிதத்தில் நலன்விரும்பி என்று துணிந்து போட்ட கைக்கு இதில் அப்பா என்று போட முடியவில்லை. அந்தச் சொல்லை முற்றத்தில் நின்று நானே உன்னிடமிருந்து பறித்தேன், இனி நானாக எடுத்து இங்கே வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆகையால் கீழே இடத்தை விட்டு, கையெழுத்துப் போடாமலே நாளைக் காலை தபாலில் சேர்க்கப் போகிறேன். யார் எழுதியது என்று தேட வேண்டியதில்லை, மேலே உ இருக்கிறது, அதன் கீழே முக்கோணமும் இருக்கிறது. மற்றதை, மனம் வந்தால், நீ எழுதிக்கொள்.

இப்படிக்கு,